குடும்பச் சொத்து என்னும் சொல்லாட்சி: வீட்டுரிமை வழக்குகளில் ஆவணத்தமிழ் – முகத்துவாரக்குப்பத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு வீடு ‘குடும்பச் சொத்தா’, ஒருவருடைய ‘சொந்தச் சம்பாத்தியமா’ என்னும் வினா தமிழ்நாட்டு உரிமையியல் நீதிமன்றங்களில் இடையறாது எழுவது. பேச்சுவழக்கில் ‘குடும்பச் சொத்து’ என்பதற்கு உள்ள பொருளும் சட்டம் அதற்குத் தரும் பொருளும் வேறுவேறானவை. இவ்வேறுபாட்டைச் சொல்வரலாறு, பத்திரத் தொடர்கள், தீர்ப்புகள் ஆகிய மூன்றன் துணையால் இக்கட்டுரை விளக்குகிறது. அருணாசல முதலியார் எதிர் முருகநாத முதலியார் வழக்கு (1953) மைய எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. வடசென்னை முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளில் இச்சொல்லாட்சி யாருக்கு நன்மையும் யாருக்கு இழப்பும் தருகிறது என்பது இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தாயம், பங்காளி, பிதுரார்ஜிதம், சுயார்ஜிதம், தேடியதேட்டம், ஆவணத்தமிழ்.

1. முன்னுரை

கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி அமைந்தது முகத்துவாரக்குப்பம். முகத்துவாரம் ஆற்றுவாயையும், குப்பம் மீனவர் குடியிருப்பையும் குறிப்பன. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களோடு சேர்ந்து, அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த நிலப்பரப்பில் இவ்வூர் நிற்கிறது. கடலையும் கழிமுகத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களில் அடுத்த தலைமுறையினர் சிலர் தொழிற்சாலை வேலைக்குச் செல்கின்றனர். இதனால் ஒரே கூரையின்கீழ் இருவேறு வகையான வருவாய் வந்துசேர்கிறது. கூரைவீடு மாடிவீடாகும்போது எந்தப் பணம் எந்தச் சுவரானது என்பதை எவரும் எழுதிவைப்பதில்லை. தந்தை மறைந்த பிறகே அக்கணக்கு கேட்கப்படுகிறது.

அப்போது ஒருவர் “இது குடும்பச் சொத்து” என்கிறார். மற்றவர் “இது அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம்” என்கிறார். இரண்டும் எளிய தமிழ்த் தொடர்கள். நீதிமன்றத்தில் இவற்றுள் எது ஏற்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தாய், மகள், மகன் ஆகியோரின் பங்குகள் பெரிதும் மாறுகின்றன. வழக்குத்தமிழும் பத்திரத்தமிழும் இலக்கியத்தமிழுக்கு நிகராகத் தமிழாய்வின் கவனத்தைப் பெறவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றியவர். சதர் நீதிமன்றத் தீர்ப்புகளின் சுருக்கத்தைச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் தமிழில் தந்தவர். நாவலாசிரியராக அவரை அறிந்த அளவுக்குச் சட்டத்தமிழின் முன்னோடியாக நாம் அறிந்திருக்கவில்லை. அத்துறையில் ஒரு சிறு பகுதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொற்கள் சுமந்துவரும் உறவுமுறை

சொத்துரிமை பற்றிய தமிழ்ச்சொற்கள் உறவுமுறைச் சொற்களாகவும் விளங்குகின்றன. ‘தாயம்’ என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே வழிவழி வரும் அரசுரிமையைக் குறிக்க வழங்கியுள்ளது. அதனோடு தொடர்புடைய ‘தாயாதி’ தந்தைவழி உறவினரைக் குறிக்கிறது. ‘பங்காளி’ என்பதோ நேரடியாகவே பங்குடையவர் என்னும் பொருளது. அண்ணன் தம்பியரும் சிற்றப்பன் பெரியப்பன் மக்களும் பங்காளிகள். மாமன் மச்சான் உறவினர் பங்காளிகள் ஆகார். உடன்பிறந்த பெண் மணமாகிச் செல்லும்போது அவள் கணவன் வீட்டார் சம்பந்திகள் ஆகின்றனர். அவளைப் ‘பங்காளி’ என்று அழைக்கும் வழக்கம் தமிழில் இல்லை. யாருக்குச் சொத்தில் பங்கில்லை என்பதை உறவுப்பெயரே முடிவு செய்துவிடுகிறது.

‘மனை’ என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. அது வீட்டையும் வீடமைந்த நிலத்தையும் மனைவியையும் குறிக்கும். ‘இல்’, ‘இல்லாள்’ என்பனவும் அவ்வகையினவே. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் தம் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருத்தல் வேண்டும் என விதிக்கிறது. மனையுடைமை ஊராட்சித் தகுதியாக இருந்தமைக்கு இது சான்று. வீட்டின் பெயரையே மனைவிக்கும் வழங்கிய மொழியில், அவ்வீட்டின்மீது மனைவிக்குள்ள உரிமையைக் குறிக்கும் தனிச்சொல் தமிழ்நாட்டுப் பத்திரவழக்கில் உருவாகாமற் போனது. பெண்ணுக்கெனப் பத்திரங்களில் வழங்கும் சொல் ‘ஸ்திரீதனம்’ ஒன்றே. அது அவள் கொண்டுவந்ததையும் அவளுக்குக் கொடுக்கப்பட்டதையும் குறிக்கும்.

பத்திரங்களில் வழங்கும் இரு பெரும் வகைப்பெயர்கள் ‘பிதுரார்ஜிதம்’, ‘சுயார்ஜிதம்’ என்பன. முன்னது தந்தைவழி வந்தது. பின்னது தானே ஈட்டியது. யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாக்ஷரம் என்னும் உரையே இப்பகுப்புக்கு அடிப்படை. ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் அவ்வுரையைத் தென்னாட்டுக்குரிய சட்டநூலாக ஏற்றுக்கொண்டன. தேவண்ண பட்டரின் ஸ்மிருதி சந்திரிகையும் சென்னை மாகாணத்தில் மதிக்கப்பட்டது. மிதாக்ஷர நெறிப்படி, மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. தந்தை தானே ஈட்டியதில் அவர் வாழ்நாளில் மகனுக்குப் பங்கில்லை. அதை விற்கவும் கொடுக்கவும் தந்தைக்கு முழு உரிமை உண்டு.

பேச்சுவழக்கில் ‘குடும்பச் சொத்து’ என்பது குடும்பத்தார் சேர்ந்து வாழும் வீட்டைக் குறிக்கும். சட்டத்தில் அது பிறப்புவழிப் பங்குரிமையர் பொதுவில் உடைய சொத்தை மட்டுமே குறிக்கும். குழப்பத்தின் ஊற்றுக்கண் இதுவே.

3. நீதிமன்றம் கேட்கும் மூன்று வினாக்கள்

இத்தகைய வழக்கில் நீதிமன்றம் வரிசையாக மூன்று வினாக்களை எழுப்புகிறது எனலாம்.

முதலாவது, பணம் எங்கிருந்து வந்தது என்பது. ஸ்ரீநிவாஸ் கிருஷ்ணராவ் காங்கோ எதிர் நாராயண் தேவ்ஜி காங்கோ வழக்கில் (1954) உச்ச நீதிமன்றம் இது குறித்துத் தெளிவான விதியைத் தந்தது. குடும்பம் கூட்டாக இருக்கிறது என்பதனாலேயே அதன் உறுப்பினர் ஒருவர் பெயரிலுள்ள சொத்தும் கூட்டானது என்று ஊகிக்க இயலாது. கூட்டானது என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். அக்குடும்பத்திடம் முன்பே பொதுச்சொத்து இருந்தது, புதிய சொத்தை வாங்கப் போதிய வருவாய் அதிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று அவர் காட்டிவிட்டால், மெய்ப்பிக்கும் சுமை மறுபக்கத்துக்கு மாறும். பின்னர்த் தனிச்சம்பாத்தியம் என்பவர் தம் பணத்தின் வழியைக் காட்ட வேண்டும். “ஒரே அடுப்பில் உண்டோம், ஒரே சாமியைக் கும்பிட்டோம்” என்னும் சாட்சியம் குடும்பத்தின் ஒற்றுமையைக் காட்டும். சொத்தின் பொதுமையைக் காட்டாது.

இவ்விடத்தில் 1930ஆம் ஆண்டு இந்துக் கல்விப்பேறுச் சட்டம் நினைவுகூரத்தக்கது. குடும்பப் பணத்தில் கல்வி பெற்ற ஒருவர், அக்கல்வியால் ஈட்டியது குடும்பத்துக்கே உரியது என்னும் வாதம் முன்பு நீதிமன்றங்களில் நின்றது. அச்சட்டம் அவ்வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கடலுக்குச் சென்ற தந்தையின் பணத்தில் தொழிற்பயிற்சி பெற்று மணலி ஆலையில் சேர்ந்த மகனின் சம்பளம், அவனுடைய தனிச்சொத்தே ஆகும்.

இரண்டாவது வினா, பத்திரம் என்ன சொல்கிறது என்பது. இது அடுத்த பகுதியில் விரிவாகக் காணப்படும்.

மூன்றாவது, உடையவர் தம் தனிச்சொத்தைப் பொதுவில் கலந்துவிட்டாரா என்பது. ஒருவர் தாம் ஈட்டிய சொத்தைத் தம் விருப்பத்தால் குடும்பப் பொதுவாக்கலாம். ஆனால் லக்கிரெட்டி சின்ன வெங்கட ரெட்டி எதிர் லக்கிரெட்டி லக்ஷ்மம்மா வழக்கில் (1963) உச்ச நீதிமன்றம், தம் தனியுரிமையைக் கைவிடும் தெளிவான எண்ணம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என வலியுறுத்தியது. உறவினரை வீட்டில் தங்கவைத்ததும், வருவாயைக் கொண்டு அவர்களைத் தாங்கியதும் பெருந்தன்மையின் அடையாளங்கள். அவை உரிமைத் துறப்பு ஆகா. தம்பியை இருபது ஆண்டு தம் வீட்டில் வைத்திருந்த அண்ணன், அதனாலேயே தம்பிக்கு அவ்வீட்டில் பங்கு எழுதிக்கொடுத்தவர் ஆகிவிட மாட்டார்.

4. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’: ஒரு தொடரின் பொருள்

அருணாசல முதலியார் எதிர் முருகநாத முதலியார் வழக்கு, வேலூர் சார்பு நீதிமன்றத்தில் மகன் ஒருவர் தம் தந்தைமீதும் உடன்பிறந்தார்மீதும் தொடுத்த பாகப்பிரிவினை வழக்காகத் தொடங்கியது. பாட்டனார் தாம் ஈட்டிய சொத்துகளை 1912ஆம் ஆண்டு உயில் ஒன்றின் வழியாகத் தம் மூன்று மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். அம்மூவருள் ஒருவரே இவ்வழக்கின் தந்தை. பாட்டனாரிடமிருந்து தந்தைக்கு வந்ததால் அது பிதுரார்ஜிதம், ஆகவே பிறப்பாலேயே தமக்குப் பங்குண்டு என்பது மகனின் வாதம். பாட்டனார் தம் தனிச்சொத்தைத் தமக்கே முழுமையாகக் கொடுத்தார், ஆகவே அது தம் சொந்தச் சொத்து என்பது தந்தையின் வாதம். வேலூர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் மகனின் பக்கமே நின்றன. 1953 அக்டோபர் 14 அன்று நீதிபதி பி.கே. முகர்ஜி எழுதிய தீர்ப்பின் வழியாக உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது.

அதற்கு முன்பு இவ்வினாவில் உயர் நீதிமன்றங்கள் பிளவுபட்டிருந்தன. தந்தை கொடுத்தது மகன் கையில் மூதாதையர் சொத்தாகவே இருக்கும் என்றது கல்கத்தா. எவ்வாறு இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது கொடுப்பவர் உரிமை. ஆனால் அவர் வெளிப்படையாகச் சொல்லாவிடில் மூதாதையர் சொத்தாகவே கொள்ளப்படும் என்றது சென்னை. வெளிப்படையாகச் சொல்லாவிடில் தனிச்சொத்தே என்றது பம்பாய். உச்ச நீதிமன்றம் இவ்விரு பக்க ஊகங்களையும் ஒதுக்கியது. கொடுத்தவரின் கருத்து யாது என்பதை ஆவணத்தின் சொற்களிலிருந்தும் சூழலிலிருந்தும் அறிய வேண்டும் என்பதே அது வகுத்த நெறி. வேறு சொற்களில் கூறின், உரிமை இனி உரைநெறிக்கு உட்பட்டதாயிற்று. நீதிபதி ஓர் உரையாசிரியரின் பணியைச் செய்ய வேண்டியவரானார்.

அவ்வுயிலின் முதன்மையான தொடரைத் தீர்ப்பு ஆங்கிலத்தில் தருகிறது. தானம், பரிமாற்றம், விற்பனை முதலிய உரிமைகளோடு மகன் பேரன் என வழிவழியாக மூவரும் முழு உரிமையுடன் அனுபவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்ப் பத்திரங்களில் பெருவழக்காக உள்ள ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்த் தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள’ என்னும் வாய்பாட்டோடு இது ஒத்துச்செல்வதைப் பத்திரங்களைப் படித்தவர் எளிதில் உணர்வர்.

மகன், பேரன் என வருவதால் பேரனுக்கும் உரிமை தரப்பட்டுள்ளது என்று எண்ணத் தோன்றும். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் மகனின் வாதமே வலுவுடையது போல் தெரியும். ஆனால் தொடரின் இரு பகுதிகளையும் சேர்த்து நோக்கினால் நிலைமை வேறு. விற்கும் உரிமை ஒருவருக்கு முழுமையாக உண்டெனில், அவர் பேரனுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமலே விற்றுவிடலாம். பேரனுக்குப் பிறப்புரிமை இருந்தால் தந்தைக்கு அவ்வாறு விற்கும் உரிமை இருக்க இயலாது. ஆகவே ‘புத்திர பௌத்திர’ என்பது பெறுபவர் பட்டியலைத் தருவதன்று; பெறுபவருக்குக் கிடைக்கும் உரிமை அவர் ஆயுளோடு முடியாமல் வாரிசுகளுக்கும் இறங்கக்கூடிய முழுவுரிமை என்பதைக் காட்டுவது. 1881இல் ராம்லால் முகர்ஜி வழக்கில் பிரிவி கவுன்சிலும் வங்காளத்தில் வழங்கும் இதற்கிணையான தொடரை இவ்வாறே கொண்டது. பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டபோதும் அத்தொடர் வாரிசுக்கு இறங்கும் முழுவுரிமையைத் தரும் என்றது.

இவ்வாய்பாடு நேற்றுப் பிறந்ததன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் கொடுக்கப்படும்போது விற்கவும் ஒற்றிவைக்கவும் உரிமையுண்டு என்பதைக் காட்டும் தொடர்கள் வருகின்றன. கொடையின் நிலைபேற்றைக் காட்டச் ‘சந்திராதித்தவரை’ என்பது வருகிறது. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்படும் ஓலையும் எழுதியவரோடு அவர் மரபினரையும் கட்டுப்படுத்தும் தொடரைக் கொண்டது. அங்கு அவையத்தார் பாட்டனின் கைச்சாத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவுக்கு வருகின்றனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவ்வோலையில் மரபுச் சுட்டு, பின்வருவோர் மீது கடமையைச் சுமத்துகிறது. உயிலிலோ மரபுச் சுட்டு, பெறுபவரின் உரிமையை அளவிடுகிறது. ஒரே வகைத் தொடர் ஆவணத்தின் தன்மைக்கேற்ப வேறு பயன் கொள்வதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

5. மகளும் வாதங்களின் இடமாற்றமும்

‘குடும்பச் சொத்து’ என்னும் வாதத்தை யார் எழுப்புகிறார் என்பதை நோக்கினால் ஒரு திருப்பம் புலப்படும்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தை உயில் எழுதாது இறந்தால் அவருடைய தனிச்சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை மகளுக்கு அளித்தது. கூட்டுக் குடும்பச் சொத்திலோ மகளுக்குப் பிறப்புரிமை இல்லை. தந்தைக்கு உரிய பங்கில் மட்டும் அவளுக்கு ஒரு சிறு பங்கு கிடைத்தது. எனவே அக்காலத்தில் வீட்டைக் குடும்பச் சொத்து என்று வாதிடுவது மகனுக்கு நன்மை. தந்தையின் சுயார்ஜிதம் என்று வாதிடுவது மகளுக்கு நன்மை.

அவ்வாறு வென்றாலும் வீட்டைப் பொறுத்தவரை மற்றொரு தடை இருந்தது. அச்சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, குடும்பத்தார் முழுமையாகக் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பிரிவினை கேட்க இயலாது. மணமாகாத, கைவிடப்பட்ட, பிரிந்து வாழும் அல்லது கணவனை இழந்த மகளுக்குக் குடியிருக்கும் உரிமை மட்டும் இருந்தது. நரசிம்ம மூர்த்தி எதிர் சுசீலாபாய் வழக்கில் (1996), ஆண் வாரிசு ஒருவரே இருப்பினும் இத்தடை பொருந்தும் என உச்ச நீதிமன்றம் கூறியது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பிரிவை நீக்கியது.

தமிழ்நாடு இதற்கு முன்பே ஒரு படி சென்றிருந்தது. 1990ஆம் ஆண்டின் 1ஆம் எண் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம், 1989 மார்ச் 25 முதல் மகளையும் பிறப்புவழிப் பங்குரிமையர் ஆக்கியது. அந்நாளுக்கு முன் மணமானவர்களை விலக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடுவண் சட்டம் மணமானவர் மணமாகாதவர் என்னும் வேறுபாடின்றி அவ்வுரிமையை விரித்தது. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா தீர்ப்பு (2020 ஆகஸ்டு 11), அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. உறவுச்சொல்லில் இல்லாத இடத்தைச் சட்டம் தந்தது: மகளும் பங்காளி ஆனாள்.

இதன் விளைவாக வாதங்கள் இடம்மாறின. தந்தை தம் தனிச்சொத்தை ஒரு மகனுக்கே செட்டில்மெண்டு எழுதிவைக்க இயலும். கூட்டுச் சொத்தில் மகளின் பிறப்புரிமையை அவரால் எழுதிக்கொடுக்க இயலாது. எனவே இன்று ‘குடும்பச் சொத்து’ என்பது பெரிதும் மகளின் வாதம்; ‘அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், எனக்கே எழுதிவைத்தார்’ என்பது மகனின் வாதம். முந்தைய தலைமுறையில் அத்தை சொன்னதை இன்று அண்ணன் மகன் சொல்வதும், பாட்டனார் சொன்னதைப் பேத்தி சொல்வதும் ஒரே குடும்பத்திலேயே நிகழக்கூடும்.

பழைய நிலைக்கும் உச்ச நீதிமன்றம் அண்மையில் விளக்கம் தந்துள்ளது. அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில் (2022 ஜனவரி 20), கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த ஒருவர் 1938இல் நீதிமன்ற ஏலத்தில் வாங்கிய சொத்து அவருடைய தனிச்சொத்தே என்றும், அவர் 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே இறந்திருப்பினும் அது உடன்பிறந்தானின் மகனுக்குச் செல்லாது ஒரே மகளுக்கே இறங்கும் என்றும் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற இவ்வழக்கில் விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மகள்வழி உரிமையை ஏற்கவில்லை.

வேறொரு பொதுநம்பிக்கையும் திருத்தப்பட வேண்டும். ‘தாத்தா வீடு’ என்பதனாலேயே அது பேரனின் பிறப்புரிமைக்கு உட்பட்டதென்று பலர் கருதுகின்றனர். செல்வவரி ஆணையர் எதிர் சந்தர் சென் வழக்கில் (1986) உச்ச நீதிமன்றம், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தந்தையின் தனிச்சொத்தை வாரிசாகப் பெற்ற மகன் அதைத் தம் தனிச்சொத்தாகவே பெறுகிறார் என்றது. பேச்சுவழக்கின் ‘பூர்வீகச் சொத்து’ பலவும் சட்டத்தின் பார்வையில் பூர்வீகச் சொத்து ஆவதில்லை.

6. தேடியதேட்டம்: யாழ்ப்பாணம் தரும் ஒப்பீடு

பிதுரார்ஜிதம், சுயார்ஜிதம் ஆகிய இரண்டும் ஆணை மையமாகக் கொண்ட பகுப்புகள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டியதற்கு இவற்றுள் இடமில்லை. தமிழில் அதற்குச் சொல்லே இல்லையா எனின், யாழ்ப்பாணத் தமிழில் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுக்கிறது. முதுசம் முன்னோர்வழி வருவது. சீதனம் பெண் கொண்டுவருவது. தேடியதேட்டம் மணவாழ்வின்போது ஈட்டப்படுவது. மூன்றாம் வகையில் கணவன் மனைவி இருவருக்கும் உரிமை உண்டு. மூன்று சொற்களும் இன்றும் இலங்கை நீதிமன்றங்களில் வழங்குகின்றன.

தமிழ்நாட்டு நீதிமன்றம் இவ்விடைவெளியை உணரத் தொடங்கியிருப்பதற்கு 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு சான்று. வெளிநாட்டில் வேலை பார்த்த கணவர் அனுப்பிய பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டிருந்தன. வீட்டையும் பிள்ளைகளையும் பேணிய மனைவியின் உழைப்பும் அச்சொத்துகளை ஈட்டுவதில் மறைமுகப் பங்களிப்பே எனக் கொண்டு, மனைவிக்குச் சமபங்கு உண்டென்று அத்தீர்ப்பு கூறியது. அதற்கெனத் தனிச்சட்டம் இல்லாத நிலையில் நீதிபதி நெடிய விளக்கத்தின் வழியாக நிறுவிய கருத்தைத் தேசவழமை ஒரு சொல்லில் அடக்கியிருந்தது.

7. முகத்துவாரக்குப்பம்: பத்திரம் குறைந்த வீடு

மேற்கண்ட தீர்ப்புகள் யாவும் பத்திரம் உண்டு என்னும் அடிப்படையில் நிற்கின்றன. கடலோரக் குடியிருப்புகளில் பல வீடுகள் புறம்போக்கு நிலத்தில் எழுந்தவை. அவற்றுக்குத் தாய்ப்பத்திரம் இருக்காது. வரி ரசீதும் மின்கட்டண அட்டையும் குடும்ப அட்டையும் இருக்கும். பின்னர் பட்டா கிடைத்தாலும், பட்டா வருவாய்த்துறை ஆவணமே அன்றி உரிமைமூலம் ஆகாது என்பது நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் கூறுவது. அரசு ‘குடும்பம்’ என்பதைக் குடும்ப அட்டையால் அளக்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது நிவாரணம் குடும்பக் கணக்கில்தான் வழங்கப்பட்டது. நீதிமன்றமோ குடும்பத்தை மரபுவழியால் அளக்கிறது. ஒரே சொல்லுக்கு இரு அளவுகோல்கள்.

இதன் விளைவைக் காண ஓர் உத்தேச நிலையைக் கொள்வோம். தந்தை படகு வைத்திருந்தார். தாய் கூடையில் மீன் விற்றார். இரு மகன்கள், ஒரு மகள். தந்தை பெயரில் பட்டா பெற்ற மனையில் வீடு எழுந்தது. தந்தை ஆவணம் எதுவும் எழுதாமல் அண்மையில் இறந்தார்.

வீடு தந்தையின் தனிச்சொத்து எனில், தாய், இரு மகன்கள், மகள் ஆகிய நால்வரும் முதல்வகுப்பு வாரிசுகள். ஆளுக்குக் கால் பங்கு.

வீடு கூட்டுக் குடும்பச் சொத்து எனில் கணக்கு மாறுகிறது. தந்தை இறக்கும் நொடிக்குமுன் பிரிவினை நடந்ததாகக் கொள்ள வேண்டும். தந்தை, இரு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால். தென்னாட்டு மரபில் பிரிவினையின்போது மனைவிக்குத் தனிப்பங்கு ஒதுக்கும் வழக்கம் அற்றுப்போயிற்று. எனவே இக்கட்டத்தில் தாய்க்கு ஒன்றுமில்லை. பின்னர் தந்தையின் கால் பங்கு நால்வருக்கும் பிரிகிறது. அதில் ஆளுக்கு வீசம், அதாவது பதினாறில் ஒன்று. முடிவில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் காலும் வீசமும். தாய்க்கு வீசம் மட்டும்.

‘குடும்பச் சொத்து’ என்னும் தொடர் காதுக்கு எல்லாரையும் அணைத்துக்கொள்வதாக ஒலிக்கிறது. ஆனால் இக்கணக்கில் அது தாயின் பங்கைக் காலிலிருந்து வீசத்துக்குக் குறைக்கிறது. தாயின் நலனைக் கருதி அத்தொடரைச் சாட்சிக்கூண்டில் சொல்லும் மகள், தன்னை அறியாமலே தாயின் பங்கைத் தன்னிடமும் உடன்பிறந்தாரிடமும் திருப்பிக்கொள்கிறாள். தந்தை ஒரு மகனுக்கே செட்டில்மெண்டு எழுதியிருந்தால் நிலைமை மறுபடியும் மாறும்: தனிச்சொத்து எனில் தாயும் மகளும் எல்லாவற்றையும் இழக்க நேரும், கூட்டுச்சொத்து எனில் மகளின் கால் பங்கேனும் காக்கப்படும். எனவே எச்சொல் நன்மை தரும் என்பதற்குப் பொதுவிடை இல்லை. ஆவணம் உண்டா, யாருக்கு எழுதப்பட்டது என்பவற்றை அறிந்த பின்னரே கூற முடியும்.

மீன்பிடித்தொழில் இவ்வினாவை மேலும் சிக்கலாக்குகிறது. கரையில் பிடிபட்ட மீனின் வருவாய் படகுக்கு, வலைக்கு, உழைத்தவருக்கு எனப் பங்குகளாகப் பிரிவது தொழில்மரபு. படகுப் பங்கு தந்தைக்குச் சென்று, உழைப்புப் பங்கு மகன்களுக்குச் சென்றிருந்தால், வீடு கட்டிய பணம் எப்பங்கிலிருந்து வந்தது? தாய் மீன் விற்று ஈட்டிய பணம் எக்கணக்கில் சேரும்? காங்கோ வழக்கின் விதிப்படி, கூட்டானது என்பவரே மெய்ப்பிக்க வேண்டும். நாள்தோறும் கைமாறிய ரொக்கத்துக்கு எழுத்துச்சான்று இல்லாத தொழிலில் அச்சுமை மிகப் பெரிது. கூடைமீன் விற்ற தாய்க்கோ ‘வாதி’, ‘வாரிசு’ என்னும் பெயர்கள் கிடைக்கின்றன. வீட்டை ஈட்டியவர் என்னும் பெயர் கிடைப்பதில்லை.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 மார்ச் 30 நாளிட்ட அரசாணை எண் 172, மறுவாழ்வு வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய வகைசெய்தது. தேடியதேட்டம் என்னும் கருத்து, அச்சொல் இன்றியே, தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு ஓர் அரசாணையின் வழியாக வந்துசேர்ந்தது எனலாம். இருவர் பெயரிலுள்ள வீட்டில், கணவர் இறப்பினும் மனைவியின் பாதி பங்கு எவ்வழக்குக்கும் முன்பே அவளுக்கு உறுதி. பாகப்பிரிவினையின் எக்கணக்கும் அதைத் தொடாது.

8. முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படுவன பின்வருமாறு. குடும்பச் சொத்து என்பது வாழ்வியல் வழக்கிலும் சட்டவழக்கிலும் இரு பொருள் கொண்டது. முன்னதை மெய்ப்பித்தால் பின்னது மெய்ப்பிக்கப்பட்டதாகாது. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ போன்ற வாய்பாடுகள் அணிகலன் போல் தோன்றினும் உரிமையின் அளவைத் தீர்மானிக்க வல்லவை. மகளின் சட்டநிலை மாறியதும், அத்தொடரை முன்வைப்பவரும் மறுப்பவரும் இடம்மாறினர். தென்னாட்டு மரபில் அத்தொடர் தாய்க்கு இழப்பாகவும் முடியலாம்.

கல்வெட்டுத் தொடர்களைத் தொகுத்துப் பொருள் கண்டது தமிழாய்வு. அவ்வுழைப்பின் ஒரு பகுதி, சார்பதிவாளர் அலுவலகங்களில் உள்ள பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுப் பத்திரங்களின் தொடர்களுக்கும் வாய்க்குமாயின், அவற்றுக்கு ஓர் அகராதியும் உரையும் உருவாகும். பத்திர எழுத்தர் எழுதித்தந்த தொடரின் பொருளை, கைந்நாட்டு வைப்பவர் அந்நாளிலேயே அறிந்துகொள்ள அது உதவும். முகத்துவாரக்குப்பத்துத் தாய் ஒருவர் தம் வீட்டில் தமக்குக் காலா, வீசமா, பாதியா என்பதை வழக்கு முடியும்வரை காத்திருந்து அறிய வேண்டிய நிலை மாறுவதற்கு மொழி ஆய்வாளரால் செய்யக்கூடிய பணி இதுவாகும்.